அக்கா வரக்கூடாது என்று ஜெபித்தேன்

என் அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா வீட்டு வேலையோடு தையலும் பார்த்ததால், எனக்குத் தலை பின்னிவிட்டது, எழுத்து சொல்லிக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அக்காதான். அந்த அக்கா ஊருக்குத் திரும்பி வரக்கூடாது என்று பதினாலு வயதில் நான் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டித்தான் தொடங்குகிறேன் என்று கண்டு கிழித்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. வாடகை வீடு. அப்பா குருவிகுளம் யூனியன் ஆபீசில் கிளார்க். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஏழு மணிக்குப் பாய் விரித்து உட்காருவார். குடும்ப ஜெபம். அதில் எங்களுக்காக ஜெபிப்பது கடைசி ஐந்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் உலகத்துக்கு ஜெபிக்க வேண்டும். அப்பா ஒரு நோட்டில் கிழமைவாரியாக எழுதி வைத்திருந்தார். திங்கள் ஆப்பிரிக்கா, செவ்வாய் சீனா, புதன் அரபு நாடுகள், வியாழன் வட இந்தியா. எனக்குக் கிழமைகள் அப்படித்தான் பழகின. பள்ளிக்கூடத்தில் "நாளைக்கு என்ன கிழமை?" என்று டீச்சர் கேட்டதற்கு "சீனா" என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

ஜெபிக்கும்போது அப்பாவுக்குக் குரல் உடைந்துபோகும். கண்ணால் பார்த்தே இராத ஜனங்களுக்காக நிஜமாகவே அழுவார். அதை நடிப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா பல்வலியில் கன்னம் வீங்கி மூன்று நாள் கிடந்தபோது அவர் ஒரு வார்த்தை விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பக்கத்து ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கடைசி நாள் மத்தியானம் வடக்கே மலைகளில் வாழும் ஜனங்களைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து, "உங்கள் பிள்ளைகளில் ஒருவரை ஆண்டவருக்குக் கொடுக்க எந்தப் பெற்றோர் ஆயத்தம்? எழுந்து நில்லுங்கள்" என்றார். முதலில் யாரும் எழவில்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார். அத்தனை தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பி எங்களைத் தேடின. அக்கா தாவணி மடிப்பைக் குனிந்து சரிசெய்யத் தொடங்கினாள். சரியாக இருந்த மடிப்பையே மறுபடி மறுபடி சரிசெய்தாள்.

அம்மா என் காதுக்குப் பக்கத்தில், "ரெண்டு பேர்ல யாரச் சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது, அக்காவைத்தான் வடக்கே மிஷனரியாக அனுப்பப்போவதாக அப்பா சொன்னார். அக்கா அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்து எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

"நான் வேலைக்குப் பதிஞ்சிருக்கேன்லாப்பா" என்றாள்.

"அது மனுசங்கிட்ட பதிஞ்சது. இது ஆண்டவர்ட்ட பதிஞ்சது. எது பெருசு?"

அப்பா அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அக்கா எதிர்த்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். "நம்ம சபையில இருந்து ஒரு பிள்ள போகுதே" என்றார்கள். கைக்குட்டை கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள். ஆறு மாதம் அப்படி நடந்தால் யாருக்கும் தன் மனசு எது என்று தெரியாமல் போகும். ஒரு கட்டத்தில் அவளும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். தனக்கு ஆண்டவரின் அழைப்பு உண்டு என்று ஒருநாள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். அன்று அம்மா கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டாள்.

ரயிலேற்றிவிட சபை முழுவதும் ஸ்டேஷனுக்கு வந்தது. பாட்டுப் பாடினார்கள். அம்மா இட்லிப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். வடக்கே குளிரும் என்றார்கள். சங்கரன்கோவில் கடைகளில் அப்போது கம்பளிச் சட்டை கிடையாது. அம்மா இரண்டு போர்வையைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். வண்டி நகரும் முன் அக்கா ஜன்னல் கம்பி வழியாக என் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி, எனக்கு லெட்டர் போடு. ஜெபத்தப் பத்தி எழுதாத. வீட்டுல என்ன நடக்குன்னு எழுது" என்றாள்.

நான் ஜெபத்தைப் பற்றித்தான் எழுதினேன்.

ஏனென்றால் அக்கா போன பிறகு எனக்கு ஒரு வாழ்வு வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பிள்ளைகள் ஜெபக்குழு நடக்கும். ரயில்வேயில் வேலைபார்த்த ஒருவரின் மனைவி அதை நடத்தினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காவிட்டாலும் நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை கொடுத்து, "இந்த நாடு ஒம் பொறுப்பு. நீ ஜெபிக்கலேன்னா அங்கன ஒருத்தரும் ரட்சிக்கப்பட மாட்டாவ" என்பார். பத்து வயசுப் பிள்ளைகளிடம் சொல்வார். எனக்குக் கிடைத்தது பனி பெய்கிற நாடு. பனி என்றால் மார்கழியில் புல்மேல் நிற்பதுதான் என்று நினைத்து, அந்த ஊர்க்காரர்களுக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று ஜெபித்து வந்தேன்.

அக்கா போனதும் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு, அக்காவின் போட்டோ அச்சடித்த அட்டையை டீச்சர் என் கையில் கொடுத்தார். அந்த அட்டை எல்லா வீடுகளுக்கும் போயிற்று. சிவகிரி, திருவேங்கடம் பக்கத்துச் சபைகளில்கூடச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே என் அக்கா படம் ஒட்டியிருந்தது. நான் மிஷனரியின் தங்கச்சி. ஜெபக்குழுவில் முதலில் ஜெபிப்பது நான். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் முன்வரிசை நான். அதுவரை என் பெயர்கூடத் தெரியாத பெரிய வீட்டுப் பெண்கள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அக்கா இன்லண்ட் லெட்டரில், மல்லிகைப்பூ இப்போது என்ன விலை, ஆடித்தபசுக்கு ராட்டினம் வந்ததா, அம்மாவுக்குப் பல்வலி எப்படி என்று கேட்டு எழுதுவாள். நான் இந்த வாரம் ஜெபக்குழுவில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று பதில் எழுதுவேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மிஷன் பத்திரிகையிலும் மாதாமாதம் அவள் எழுதியது வரும். கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாகப் பாடம் நடத்துவதாகவும், பாரம் மிகுந்த ஜெபம் தேவை என்றும் இருக்கும். அந்த வாக்கியங்கள் அக்கா பேசுவது மாதிரி இராது. அப்பா அதை ஏழு மணி ஜெபத்தில் சத்தமாக வாசிப்பார். அம்மா கேட்டுவிட்டு, "இத அவ எழுதலீயே" என்று ஒருமுறை சொன்னாள். அப்பா காதில் வாங்கவில்லை.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டு முகவரிக்கு அல்ல, பக்கத்து வீட்டு முகவரிக்கு. அந்த வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். அவள் பெயருக்கு வந்த உறைக்குள் எனக்கு ஒரு தாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவள் அதைக் கொடுத்தாள். அதில் இருந்தது எனக்கு மனப்பாடம்.

"என்னோடு இங்கே ஊழியத்தில் இருந்த அக்கா தன் ஊருக்குப் போய்விட்டாள். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது. மிஷன் ஆபீசுக்கு எழுதினால் அவர்கள் அப்பாவுக்கு எழுதுகிறார்கள். அப்பா உறுதியாக நில் என்று எனக்கு எழுதுகிறார். நீ இதை அம்மாவிடம் மட்டும் காட்டு. அம்மா யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போகட்டும். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்."

அடுத்த மாதம் திருநெல்வேலியில் பல ஊர் ஜெபக்குழுப் பிள்ளைகள் கூடும் கூட்டம் இருந்தது. அதில் நான் என் அக்காவைப் பற்றிச் சாட்சி சொல்வதாக ஏற்பாடு. அம்மா அதற்காக எனக்குப் புதுப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அழுகை வந்தது உண்மை. அக்கா வந்துவிட்டால் திருநெல்வேலியில் யார் பேசுவார்கள் என்று நினைத்ததும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவும் கை கூசுகிறது. இரண்டாவதுதான் முதலில் வந்தது.

கடிதத்தை டீச்சரிடம் கொண்டு போனேன். அவர் வாசித்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

"இத அவ எழுதல மக்கா. சோர்வு எழுதுது. சாத்தான் கொண்டுவார சோர்வு."

"அம்மாட்ட காட்டுன்னு எழுதியிருக்காளே டீச்சர்."

"அம்மா மனசு தாங்காது. அம்மா அழுதா இவ வந்துருவா. இவ வந்துட்டா அந்தப் பிள்ளேளுக்கு அங்கன யாரு இருக்கா? நாம சின்னப் பிள்ளேள வச்சு ஜெபிப்போம். சின்னப் பிள்ளேளு ஜெபத்த ஆண்டவர் தள்ளமாட்டாரு."

கடிதத்தை மடித்துத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அது இனி என் கையில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் முழங்காலில் நின்றோம். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். அக்காவுக்குத் திரும்பி வரும் எண்ணம் எடுபட வேண்டும், வீட்டு ஞாபகம் எடுபட வேண்டும் என்று. கடைசியில் நான். மற்ற எல்லாரையும்விட நீளமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, எங்க அக்கா வரக்கூடாது. எங்களப் பாக்கணும்னு அவளுக்குத் தோணவே கூடாது" என்று சொல்லும்போது, அப்பாவைப் போல என் குரலும் உடைந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகள் போன பிறகு அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு.

"அவ வரணும்னு கேட்டு எழுதியிருக்காளா?"

"இல்லம்மா."

"பெறகு எதுக்கு வரக்கூடாதுன்னு ஜெபிச்சிய?"

"சும்மா பொதுவா ஜெபிச்சோம். எல்லா மிஷனரிக்கும் அப்படித்தான் ஜெபிக்கணும்னு டீச்சர் சொன்னாவ."

அம்மா என்னையே பார்த்தாள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நம்பினாள்.

திருநெல்வேலியில் நான் பேசினேன். அழுதார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் யார் யாரோ முத்தமிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தந்தி வந்தது. மகள் கடும் நோயில், உடனே வரவும் என்று. அப்பா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கன மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. பாத்துக்கிடுவாவ. நாம உபவாசம் இருந்து ஜெபிப்போம்" என்றார்.

அம்மா, கல்யாணமாகி இருபத்துமூன்று இருபத்துநாலு வருஷமாக அப்பா பேச்சைத் தாண்டாதவள், தையல் மிஷின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்தாள். "இங்கேருங்க. நீங்க உபவாசம் இருங்க. நான் ரயிலேறுதேன்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இந்தி தெரியும்லா. எம்மக அங்கன சாகக் கெடக்கா."

"நான் வாரேம்மா. எங்க வீட்டுக்காரியும் வருவா. நீ துணிய எடுத்து வை" என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் ஜெபக்குழுவில் சந்தில் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. இருளில் இருக்கிறவர்கள் என்று தலைப்புப் போட்டு எழுதியது. அதில் அவர் வீடு மூன்றாவது.

அவர்கள் போன நாட்களில் அவர் மகள் எங்கள் வீட்டில் என்னோடு இருந்தாள். ஒருநாள் தலைவாரிக்கொண்டே, "அன்னைக்கு வந்த லெட்டர ஒங்கம்மாட்ட குடுத்தியா?" என்று கேட்டாள். "குடுத்தேன்" என்றேன்.

அக்காவை அவர்கள் கூட்டிக்கொண்டு வந்தபோது ஸ்டேஷனில் நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். சபையில் எல்லாருக்கும் எந்த வண்டி என்று தெரியும். யாரும் வரவில்லை. அக்காவுக்குத் தலைமுடி கொட்டி மொட்டை மாதிரி இருந்தது. அம்மா தன் முந்தானையால் மூடியிருந்தாள். நான் "அக்கா" என்றேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். அம்மா என்னிடம், "கத்தாத. கேக்காது" என்றாள்.

காய்ச்சலாலா, அதற்குப் போட்ட ஊசியாலா என்று யாரும் சொல்லவில்லை. இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில், ஒட்டி நின்று சத்தமாகச் சொன்னால் பாதி விழும்.

அடுத்த மாதப் பத்திரிகையில், ஊழியர் ஒருவர் பணித்தளத்தை விட்டுச் சென்றுவிட்டதால் அந்த இடத்துக்கு வேறொருவர் எழும்ப ஜெபிக்கவும் என்று ஒரு வரி வந்தது. பெயர் இல்லை. வீடுகளில் ஒட்டியிருந்த அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புதிதாக இன்னொரு பெண்ணின் படம் வந்தது. அக்காவைப் பற்றிச் சபையில் பேசும்போது ஒரு சொல் புழங்க ஆரம்பித்தது: பின்வாங்கிப் போனவள். சாகக் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு அந்தச் சொல். ஜெபக்குழு எங்கள் வீட்டிலிருந்து வேறு வீட்டுக்கு மாறியது. டீச்சர் எங்கள் சந்துக்குள் வருவதை நிறுத்திவிட்டார்.

அக்காவுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று பார்க்க, அம்மா அவளுடைய சர்டிபிகேட்டைத் தேடி அப்பாவின் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு கார்டு கிடைத்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லி வந்தது. அக்கா வடக்கே போய் ஒரு வருஷத்தில் வந்திருக்கிறது. அவளுக்கு விருப்பமில்லை என்று பதில் எழுதிப் போட்டதாக அப்பா அதன் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். அம்மா அதை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப போனா எடுப்பாவளா?" என்று கேட்டாள். காது கேளாததால் அவள் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா அன்றும் ஏழு மணிக்குப் பாய் விரித்தார். அன்று வியாழக்கிழமை. வட இந்தியா. ஊழியப் பாதையில் சோர்ந்துபோனவர்களைத் தூக்கி எடும் ஆண்டவரே என்று ஜெபித்தார். அக்கா கண்ணைத் திறந்தபடி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அதன் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பாயில் அம்மா உட்காரவே இல்லை.

என்னிடம் அக்கா வந்த புதிதிலேயே கேட்டாள்.

"ஏட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ள பேருக்கு நான் போட்ட லெட்டர் வந்துச்சா?"

தலையை ஆட்டி இல்லை என்றேன்.

"தொலஞ்சிருக்கும். மழக்காலம்லா, மலப்பாத" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவது மாதிரிச் சொன்னாள்.

ஒரு வருஷம் போல அது அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி தினமும் வந்து அக்காவிடம் இந்தியில் கத்திப் பேசுவார். அவள் சிரிப்பது அப்போது மட்டும்தான். அவர் மகளும் வருவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை.

"லெட்டர் ஒங்கைக்கு வந்திருக்கு."

ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

"என்ன செஞ்ச?"

அவள் காதருகே போய் அதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். டீச்சரிடம் கொடுத்ததை, ஜெபித்ததை, அம்மாவிடம் பொய் சொன்னதை, எல்லாம் எழுதினேன். அம்மா பின்னால் வந்து நின்று அதை வாசித்தாள். அம்மா என்னை அடித்தாள். அதுவரை அடித்ததில்லை. அக்கா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடும்மா. சின்னப் பிள்ளதான் அப்போ." பிறகு என்னிடம், "சின்னப் பிள்ளதான், எனக்குத் தெரியுது. அதனால மன்னிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாவ. எனக்கு முடியல. முடியும்போது சொல்லுதேன்" என்றாள்.

இதுவரை சொல்லவில்லை.

ஊருக்குள் அப்போது விசைத்தறிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்கு அக்கா சேர்ந்தாள். அந்தச் சத்தத்தில் மற்றப் பெண்களுக்குத் தலைவலி வரும். "ஒனக்கு ஒண்ணும் செய்யாதுல்லா" என்று முதலாளி சொன்னாராம். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் படித்தவள் எட்டு மணி நேரம் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் கேட்டு ஒருவர் வந்தார், காது விஷயம் தெரிந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் யாரும் வரவில்லை.

அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண்பிள்ளையிடமிருந்து ஒரு முறை கடிதம் வந்தது. இந்தியில், கோணல் மாணலான எழுத்து. அண்ணாச்சி வாசித்து அர்த்தம் சொல்லப் போனார். அக்கா வேண்டாம் என்று வாங்கித் தானே வாசித்தாள். வாசித்து முடித்து அடுப்படிக்குள் போய்ச் சத்தமாக அழுதாள். அங்கே அவள் சும்மா இருந்துவிடவில்லை, யாரோ ஒரு பிள்ளைக்கு எழுத்து வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை ஜெபம் செய்த நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரைக்கூடக் கேட்டு எழுதியதில்லை. அக்கா பதில் போட்டாள். கொஞ்ச வருஷம் அந்தக் கடிதங்கள் வந்து போயின. எதையும் எனக்குக் காட்ட மாட்டாள்.

நானும் டீச்சர் டிரெயினிங் முடித்தேன். எனக்கு வேலை கிடைத்தது, சிவகிரியில். அந்தச் சமயத்தில் ஜெபக்குழு டீச்சர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். வயதாகிவிட்டது. சனிக்கிழமைப் பிள்ளைகளை இனி நான் எடுத்து நடத்த வேண்டும் என்றார். "சின்னதுலயே நீதான் நல்லா ஜெபிப்ப."

"அந்த லெட்டர் எங்க டீச்சர்?"

"எந்த லெட்டர் மக்கா?"

நான் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார். பொய் இல்லை, அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. "அப்படியா? நெறைய லெட்டர் வரும்லா" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். சவப்பெட்டியை முன்னறையில் வைத்திருந்தார்கள். சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் அப்பாவைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசினார். உலகத்தையே முழங்காலில் தாங்கிய மனுஷன் என்றார். "தான் பெற்ற மகளையே ஆண்டவருக்கென்று கொடுத்தவர்" என்றார். கூட்டம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் அந்தப் பார்வைகளைக் கண்டுவிட்டு என் பக்கம் குனிந்து, "என்ன சொல்லுதாரு?" என்றாள்.

மழுப்பியிருக்கலாம். அவள் காதுக்குள், எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்பா ஒன்ன ஆண்டவருக்குக் குடுத்தாவன்னு சொல்லுதாரு" என்றேன்.

அக்கா போதகரைப் பார்த்து, "என்னைய யாரும் கேக்கல ஐயா" என்றாள். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. சந்து வரைக்கும் கேட்டது.

யாரோ ஒரு பெண் "ஸ்ஸ்" என்று அதட்டினாள். அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "சொல்லட்டும். அவ சொல்லட்டும்" என்றாள். போதகர் கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு பாட்டுத் தொடங்கச் சொன்னார்கள்.

அக்காவுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு மனசும் சரியில்லை என்று அன்றைக்கு ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் அளவுக்கு மனசு சரியாக இருந்த யாரையும் அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. இப்போதும் அவளும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் என் பிள்ளைகளோடு போவேன். அக்கா எங்களுக்குச் சோறு வைப்பாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவாள். என் தட்டில் குழம்பு குறைந்தால் நான் கேட்காமலே ஊற்றுவாள். என்னோடு பேச மாட்டாள் என்றில்லை, வேண்டியதைப் பேசுவாள். நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா சந்து முனைவரை வருவாள். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். போய்ட்டு வாரேன் என்று சொல்வேன். அவளுக்கு முதுகு என் பக்கம் இருக்கும். அவளுக்குக் கேட்காது.